வேலை மேசைக்கு விளக்கு: கேட்டதும் சொன்னதும்

காட்பாடி: சார், மாடி அறையில் ஆம்ப்ளிஃபையர் போர்டு சால்டர் செய்கிறேன். சுவரில் 20 வாட்ஸ் எல்இடி டியூப் இருக்கிறது. வெளிச்சம் பத்தவில்லை. 40 வாட்ஸ் மாற்றிவிடலாமா?

வேண்டாம் தம்பி. உங்கள் டியூப் ஏறக்குறைய 2000 லூமென் தருகிறது (விளக்கிலிருந்து வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது), அறைக்கு அது தாராளம். அது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியிருந்தால் குனிந்த உடனே தலையின் நிழல் போர்டின் மேல் விழும். 40 வாட்ஸ் போட்டாலும் அந்த நிழல் போகாது.

ஓர் இடத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸ் என்று அளப்பார்கள். வீட்டு அறைக்கு 150 லக்ஸ் போதும். நுணுக்கமான வேலைக்கு மேசை மேல் 750 முதல் 1000 லக்ஸ் வரை வேண்டும். அதற்கு விளக்கைக் கீழே இறக்குவதுதான் வழி. தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு ஆகும். 6 அடி உயரத்தில் தொங்கும் பல்பை ஒன்றரை அடிக்குக் கொண்டுவந்தால் அதே பல்பு 16 மடங்கு தரும். மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு மாட்டுகிற, கை மடங்கும் லேம்ப் ஒன்று வாங்கி 9 வாட்ஸ் பல்பு போடுங்கள். வலது கையால் சால்டர் பிடிப்பவர் என்றால் லேம்ப் இடது பக்கம் இருக்கட்டும். டியூப்பையும் அணைக்காதீர்கள். மேசை மட்டும் பளிச்சென்று இருந்து சுற்றிலும் இருட்டாக இருந்தால் கண் சீக்கிரம் சோர்ந்துவிடும்.

வாணியம்பாடி: ரெசிஸ்டரின் நிறப் பட்டைகளில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு மூன்றும் ராத்திரியில் ஒன்றுபோலத் தெரிகின்றன. பகலில் அந்தத் தொந்தரவு இல்லை.

பகலில் சரியாகத் தெரிந்தால் குறை பல்பில்தான். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது, 100 தான் உச்சம். மலிவான பல்புகள் 80-ஐ ஒட்டி நிற்கும். அந்த எண் 8 மென்மையான நிறங்களின் சராசரி மட்டுமே. அடர் சிவப்பை ஆர்9 என்று தனியாக அளக்கிறார்கள், அதனால் 80 போட்ட பல்பிலும் சிவப்பு மங்கிப்போகலாம். 90-க்கு மேல் கேட்டு வாங்குங்கள். கடையில் இல்லை என்றால் ஆன்லைனில் கிடைக்கும். கூடுதலாகக் கொடுக்கிற பணம் இதற்குத் தகும்.

ஆரணி: அண்ணா, வீட்டில் ஆரி வேலை செய்கிறேன். பட்டுத் துணியில் அரக்கு நிறம் இரவில் பழுப்பாகத் தெரிகிறது. ஜரிகையும் கண்ணைக் கூசுகிறது.

நிறத்துக்கு மேலே சொன்ன 90 சி.ஆர்.ஐ. உங்களுக்கும் பொருந்தும் அம்மா. கூடவே 4000 கெல்வின் பல்பாகப் பாருங்கள், கடையில் நேச்சுரல் ஒயிட் என்பார்கள். கெல்வின் என்பது வெளிச்சம் மஞ்சள் சாயலா நீலச் சாயலா என்று சொல்லும் எண். வழக்கமாகக் கிடைக்கும் 6500 கெல்வின் வெள்ளையில் நீலம் தூக்கலாக இருக்கும்.

ஜரிகை கூசுவது வேறு விஷயம். விளக்கு நேர் எதிரே இருப்பதால் ஜரிகையில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வருகிறது. லேம்பைப் பக்கவாட்டுக்கு நகர்த்துங்கள். பால் நிற மூடி போட்ட பல்பாக இருந்தால் இன்னும் நல்லது. நூல் தேர்வை மட்டும் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, மஞ்சள் விளக்கில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் பெரும்பாலும் மஞ்சள் விளக்குதானே எரிகிறது.

ஆம்பூர்: தோல் பர்ஸ் தைக்கிறேன். தோலில் உள்ள சின்னக் கீறல்கள் தைத்து முடித்த பிறகுதான் தெரிகின்றன.

வெட்டுவதற்கு முன் லேம்பை மேசைக்கு ஒட்டினாற்போல் தாழ்த்தி, வெளிச்சம் தோலின் மேல் சாய்வாக ஓடும்படி பிடியுங்கள். ஒவ்வொரு கீறலும் நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

குடியாத்தம்: மரம் கடையும் சின்ன லேத் வைத்திருக்கிறேன். பழைய டியூப் லைட் போதுமா?

தயவுசெய்து மாற்றிவிடுங்கள், இது ஆபத்தான விஷயம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், எனவே பழைய சோக் போட்ட டியூப் விநாடிக்கு 100 முறை மங்கி எழும். லேத் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடினால் விநாடிக்கு 25 சுற்று. ஒவ்வொரு மினுக்குக்கும் சரியாகக் கால் சுற்று. மரத்தைப் பிடித்துச் சுழலும், நான்கு தாடை உள்ள சக் அப்படியே நிற்பதுபோலத் தோன்றும், கை அதை நோக்கிப் போய்விடும். மட்டமான எல்இடியிலும் இதே மினுக்கு உண்டு. வாங்கும்போது செல்போன் கேமராவை விளக்கின் அருகே காட்டுங்கள். திரையில் கருப்புப் பட்டைகள் ஓடினால் அதை விட்டுவிடுங்கள்.

சத்துவாச்சாரி: எனக்கு 67 வயது. பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்து மாட்டுவேன். பூதக்கண்ணாடி லேம்ப் வாங்கலாமா?

வாங்குங்கள் ஐயா. 20 வயதுக் கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும். அதனால் உங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். கண்ணாடியில் அதன் திறனை 3 டயாப்டர், 5 டயாப்டர் என்று போட்டிருக்கும், முறையே 1.75 மடங்கும் 2.25 மடங்கும் பெரிதாகக் காட்டும். 5 போதும். அதற்கு மேல் போனால் பார்வைப் பரப்பு சுருங்கிவிடும். வேலை முடிந்ததும் மூடி போடுங்கள். ஜன்னல் வெயில் அந்தக் கண்ணாடி வழியாக விழுந்தால் மேசையில் தீப்பிடிக்கலாம்.

வேலூர்: ஃபேன் போட்டால் மேசையில் நிழல் ஓடுகிறது. இந்த வெயிலில் அணைக்கவும் முடியாது.

அணைக்க வேண்டாம். ஃபேன் இறக்கைக்கு மேலே இருக்கும் விளக்கைக் கீழே, சுவரில் மாட்டுங்கள். இறக்கைக்குக் கீழே எங்கே இருந்தாலும் நிழல் ஓடாது.