கை ஆடுவதற்கு முன்பே தொடங்கிவிடும் நோய்

பார்க்கின்சன் நோய் எனும் நடுக்குவாதம் பற்றி மதுரைச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

செல்லூர்: ஐயா, அப்பாவுக்கு 66 வயது. தறி ஓட்டியவர். சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கை மட்டும் ஆடுகிறது. டம்ளரை எடுத்தால் நின்றுவிடுகிறது. வயதானால் அப்படித்தான் என்கிறார் அம்மா. விட்டுவிடலாமா?

விட்டுவிடாதீர்கள் தம்பி. ஒரு பக்கத்தில் தொடங்கி, ஓய்வில் ஆடி, வேலை செய்யும்போது அடங்கும் நடுக்கம் இந்த நோய்க்கே உரியது. டம்ளரைத் தூக்கும்போதுதான் ஆடுகிறது என்றால் பெரும்பாலும் அது வேறு வகை. ஆனால் நான் நடுக்கத்தைவிட மந்தத்தையே முதலில் தேடுவேன். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளிகள் உண்டு. மந்தம் இல்லாதவர் கிடையாது. சட்டைப் பொத்தான் போட முன்பைவிட நேரமாகிறதா, நடக்கும்போது வலது கை வீசுகிறதா, எழுதும்போது வரி போகப் போக எழுத்து சிறுத்துவிடுகிறதா என்று பாருங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அகல விரித்துத் தொடர்ந்து தட்டச் சொல்லுங்கள். தட்டத் தட்ட விரிவு குறைந்துகொண்டே வந்தால் தாமதிக்காதீர்கள். அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது. ஸ்கேனைவிட, மருத்துவர் நேரில் பார்த்துச் செய்யும் பரிசோதனைதான் இதில் முக்கியம்.

மேலூர்: இது ஏன் வருகிறது? முன்கூட்டியே தெரியாதா?

நடுமூளையில் கருநிறம் கொண்ட நரம்பணுக்கள் இருக்கின்றன. அவை சுரக்கும் டோபமைன்தான் நம் அசைவுகளைத் தொடக்கிச் சீராக ஓடவைக்கிறது. அந்த அணுக்கள் மெல்ல மெல்ல மடிவதே இந்த நோய். ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து அவற்றுக்குள் திரண்டு நிற்கும். ஒற்றைக் காரணம் இல்லை. வயது, சிலருக்கு மரபணு, சிலருக்குச் சுற்றுச்சூழல் எனப் பலவும் கூடி வருகிறது. ஒட்டுவாரொட்டி அல்ல. கை ஆடத் தொடங்கும்போதே அந்த அணுக்களில் ஏறக்குறைய பாதி போயிருக்கும்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உடல் சொல்லிவிடுவதும் உண்டு. தலையில் வைத்த மல்லிகை மணப்பதில்லை. தீராத மலச்சிக்கல். கனவில் யாரையோ விரட்டுவதாக நினைத்து நிஜமாகவே கை ஓங்கி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவது. இவற்றில் ஒன்று இருப்பதாலேயே நோய் என்று பயப்பட வேண்டாம். சேர்ந்து இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உசிலம்பட்டி: மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கிறோம். காலமெல்லாம் மருந்தடித்த அண்ணனுக்கு இந்த நோய். மருந்துதான் காரணமா?

ஒரு தனி மனிதருக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியையும் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியையும் புழங்கியவர்களிடம் இந்த நோய் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வெறுங்கையால் மருந்து கலக்குவதையும், அதே சட்டையோடு சாப்பிட உட்காருவதையும் பார்த்தால் என் மனம் பதறுகிறது. கையுறை போடுங்கள், மூக்கை மூடுங்கள், அந்தத் துணியைத் தனியே துவையுங்கள். இனி தோட்டத்தில் இறங்கப்போகும் பிள்ளைகளுக்காகவாவது.

அண்ணா நகர்: தலைசுற்றலுக்காக அம்மா நெடுநாளாக மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது உடம்பு விறைத்து, நடை மெதுவாகிவிட்டது.

மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பையில் போட்டு மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள் அம்மா. சின்னரிசைன், ஃப்ளுனரிசைன் போன்ற தலைசுற்றல் மருந்துகள், வாந்திக்கான மெட்டோகுளோபிரமைடு, சில மனநல மருந்துகள் ஆகியவை பார்க்கின்சன் போலவே உடலை முடக்கக்கூடும். மருந்தை மாற்றினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

திருநகர்: என் கணவர் சிரிப்பதையே விட்டுவிட்டார். குரலும் தணிந்துவிட்டது. கூப்பிட்டால் எழுந்திருக்கவே நேரமாகிறது. என்மேல் கோபமோ?

கோபம் இல்லை, சகோதரி. முகத்தசைகளும் மந்தமாகிவிடுகின்றன; உள்ளே சிரித்தாலும் வெளியே தெரியாது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டுவதைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன், தயவுசெய்து திட்டாதீர்கள். மனச்சோர்வும் இந்த நோயின் பகுதியே, அதற்கு மருந்து உண்டு. நாள் செல்லச் செல்ல வாசற்படியிலோ திரும்பும் இடத்திலோ கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடலாம். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் குறுக்கே வண்ண டேப்பை அடி இடைவெளியில் ஒட்டி, அதைத் தாண்டச் சொல்லுங்கள். நின்ற கால் நகரும்.

திருமங்கலம்: நோய் எவ்வளவு வேகமாக முற்றும்? மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இந்த நோய்க்காகக் கொடுத்த லெவோடோபா மாத்திரை வேலை செய்வதே இல்லை. பூனைக்காலிப் பொடி சேர்க்கலாமா?

முற்றும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் பரவி, பிறகு உடல் சமநிலை குலையும். இது பல ஆண்டுக் கணக்கு. தொடக்கத்திலேயே அடிக்கடி விழுந்தால் வேறு நோயா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்போ, சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்தோ கொடுத்துப் பாருங்கள். பருப்பு, முட்டை, கறியிலுள்ள புரதம் இந்த மருந்தோடு போட்டியிட்டு அதை மூளைக்குள் செல்லவிடாது. கடிகாரம் பார்த்துக் கொடுங்கள். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பூனைக்காலி விதையில் இருப்பதும் லெவோடோபாதான்; ஆனால் ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும். மாத்திரையோடு சேர்ந்தால் அளவு மிஞ்சி, கை கால் தானாக நெளியலாம், ரத்த அழுத்தம் இறங்கலாம். மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்காதீர்கள்.