காலெலும்பை எடுத்துத் தாடையில் வைத்தால் அப்பா நடப்பாரா?

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நெடுங்காலமாக வெற்றிலையுடன் புகையிலை போடுவார். இப்போது கீழ்த்தாடையில் புற்றுநோய். தாடையெலும்பின் ஒரு பகுதியை அகற்றிவிட்டு, காலெலும்பை எடுத்து வைக்க வேண்டும் என்று திருவனந்தபுரத்தில் சொல்கிறார்கள். மேடும் பள்ளமுமான தோட்டத்தில் நடந்து பிழைப்பவர். காலும் போய்விடுமோ? தகடு மட்டும் வைத்தால் போதாதா?
– வாசகி, குலசேகரம்

பதில்: நடப்பார். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள். உடல் பாரத்தின் பெரும்பங்கைச் சுமப்பது முன்னால் கைக்குத் தட்டுப்படும் பெரிய எலும்பு. எடுக்கப்போவது வெளிப்பக்கத்து ஒல்லி எலும்பான ஃபிபுலாவை. அதிலும் கணுக்கால் ஆட்டம் காணாமலிருக்கக் கீழே 6 முதல் 8 செ.மீ. வரை விட்டுவிடுவார்கள். மேலே, நரம்பு வளைந்து செல்லும் இடத்தையும் தொட மாட்டார்கள். சில வாரங்கள் வலியும் வீக்கமும் இருக்கும். கால் பெருவிரலை மடக்கும் வலு சிலருக்குக் குறையும். சரிவான தோட்டத்துக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம். அறுவைக்கு முன் கால் ரத்தக்குழாய்களை ஸ்கேன் செய்து பார்ப்பார்கள். பாதத்துக்கான ரத்தம் முக்கியமாக அந்த எலும்பை ஒட்டிய குழாய் வழியாகவே போகிறது என்று தெரிந்தால், தோள்பட்டை போன்ற வேறு இடத்திலிருந்து எலும்பு எடுப்பார்கள்.

தகடு மட்டும் வைப்பதும் உண்டு, பெரும்பாலும் நீண்ட அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு. ஆனால் எலும்பின் துணையில்லாத தகடு நாளடைவில் முறியலாம். கதிர்வீச்சுக்குப் பிறகு தோலைத் துளைத்து வெளியே தெரியலாம். காலெலும்பு அதன் ரத்தக்குழாய்களோடு வருகிறது. இரண்டு மூன்று மி.மீ. அகலமே உள்ள அந்தக் குழாய்களை மைக்ரோஸ்கோப் வைத்துக் கழுத்துக் குழாய்களோடு தைப்பார்கள். அதனால் அது உயிருள்ள எலும்பு. நியூயார்க்கில் அறுவை மருத்துவர் டேவிட் ஹிடால்கோ இந்த முறையில் தாடை அமைத்ததை வெளியிட்டது 1989இல். இன்று இது சோதனை முயற்சி அல்ல.

நான் கவலைப்படுவது கால் பற்றியல்ல, முதல் மூன்று நாள் பற்றி. தைத்த குழாயில் ரத்தம் உறைந்தால் ஃப்ளாப், அதாவது காலிலிருந்து எடுத்து வைத்த எலும்பும் அதனோடு வந்த சதையும், செத்துவிடும். அதனால்தான் இரவிலும் அடிக்கடி வந்து அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். மறுபடியும் தியேட்டருக்கு அழைத்துப்போனால் பதற வேண்டாம். சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். கழுத்தில் சுவாசக் குழாயும் மூக்கில் உணவுக் குழாயும் சில நாள் இருக்கும். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அறுவை நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உங்கள் பக்கத்தில் வர்ம வைத்தியருக்கு நல்ல மதிப்பு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு யாராவது எண்ணெய் போட்டுக் கழுத்தைத் தடவ முன்வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள், புது எலும்புக்கு ரத்தம் போகும் வழி அங்கேதான் இருக்கிறது.

கதிர்வீச்சு தேவை என்றால் அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் தொடங்குவது நல்லது. கால் புண் முழுதும் ஆறட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். மீதிப் பற்களை அதற்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மாநில எல்லை தாண்டிச் சிகிச்சை பெறுவதால், உங்கள் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்பதைச் சேர்க்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.