ஜப்பானின் இமாபாரி எதனால் பிழைக்கிறது: துண்டா, கப்பலா?

இரண்டாலும்தான். இந்த நகரம் ஷிகோகு தீவின் வடகரையில், எஹிமே மாநிலத்தில் இருக்கிறது. 1894-ல் அபே ஹெய்சுகே இங்கே தேங்காய்ப்பூத் துண்டு நெய்யத் தொடங்கினார். சோஷா ஆற்றின் மென்னீர் (கரைந்த உப்புகள் குறைந்த நீர்) நூலை வெளுக்கவும் சாயமேற்றவும் தோதானது. 1990-களில் மலிவான இறக்குமதியால் தறிகள் முடங்கின. 2006-ல் நெசவாளர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு தர முத்திரையோடு மீண்டார்கள். முத்திரைக்கான சோதனை எளிது: துண்டிலிருந்து 1 செ.மீ. சதுரம் வெட்டி நீரில் போட்டால் 5 விநாடிக்குள் மூழ்கத் தொடங்க வேண்டும். (வாங்கியவர்கள் துணி மென்மையாக்கி ஊற்றித் துவைத்தால் இழைமேல் படலம் படிந்து உறிஞ்சும் திறன் போய்விடும்.)

கப்பல் தொழிலுக்குக் காரணம் எதிரே உள்ள குருஷிமா நீரிணை. ஒரு காலத்தில் கடற்படைக் குழுக்களின் கோட்டை. இன்று ஜப்பானின் மிகப் பெரிய கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான். நீரிணையில் நீரோட்டம் 10 நாட் (knot; மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வரை பாயும். அதனால் விநோத விதி: ஓட்டத்தோடு போகும் கப்பல் நடு வாய்க்காலிலும், எதிர்த்து வருவது மேற்கு வாய்க்காலிலும் செல்லும். ஓட்டத்தோடு போனால் சுக்கான் சரியாகப் பிடிக்காது; வளைவு குறைந்த நடுவழிதான் அப்போது பத்திரம். ஓட்டம் திரும்பினால் வழியும் மாறும்.

1602-ல் சிற்றரசர் தோதோ தகதோரா கட்டத் தொடங்கிய இமாபாரிக் கோட்டையின் அகழியில் இன்றும் கடல்நீர்தான். மீன்களையும் பார்க்கலாம்.