வரிக் கேள்விகள்: ஆடிட்டரிடம் எப்போது போக வேண்டும்?

கேள்வி: சென்ற நிதியாண்டில் எனக்குத் திருமணம் நடந்தது, அதே ஆண்டில் வேலையும் மாறினேன். இதுவரை நானே ரிட்டர்ன் தாக்கல் செய்து வந்திருக்கிறேன். இந்த முறை ஆடிட்டர் தேவைப்படுவாரா?
(வாசகர், கோவை)

பதில்: தேவையில்லை. நம் நாட்டு வருமான வரியில் கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனிக் கணக்கு என்பதால், திருமணம் ஆனதாலேயே உங்கள் வரி மாறிவிடாது. மணமக்களுக்குத் திருமணத்தின்போது வந்த அன்பளிப்புகளுக்கும் வரி கிடையாது. நீங்கள் கொடுத்த பணத்தை மனைவி தன் பெயரில் டெபாசிட் செய்தால், அந்த வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கவனம் வேண்டியது வேலை மாற்றத்தில்தான். பழைய நிறுவனத்தில் வாங்கிய சம்பளத்தைப் புதிய நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டிருந்தால், அது தான் கொடுத்த சில மாதச் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுத்து, டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கப்படும் வரி) குறைவாகப் பிடித்திருக்கும். இரண்டு நிறுவனங்களும் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றிதழான ஃபார்ம் 16-களைக் கூட்டி, வரித் துறை இணையதளத்தில் உங்கள் வருமான விவரங்களைத் தொகுத்துக் காட்டும் ஏ.ஐ.எஸ். அறிக்கையோடு ஒப்பிட்டு, குறையும் வரியை வட்டியுடன் கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள்.

கேள்வி: அப்பா கடந்த ஆகஸ்டில் காலமானார். 1994-இல் அவர் வாங்கிய வீடு இப்போது எனக்கும் சிங்கப்பூரில் குடியிருக்கும் என் தம்பிக்கும் வந்திருக்கிறது. வாங்க ஒருவர் முன்பணத்தோடு தயாராக இருக்கிறார். "விற்று முடித்த பிறகு ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளலாம் அக்கா, இப்போதே எதற்குச் செலவு?" என்கிறான் தம்பி. அவன் சொல்வது சரியா?
(வாசகி, திருச்சி)

பதில்: சரியில்லை. முன்பணம் வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே போய்விடுங்கள்.

முதலில் அப்பாவின் கணக்கு. ஏப்ரல் 1 முதல் அவர் மறைந்த நாள் வரையிலான வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால், அவருக்காக நீங்களோ தம்பியோ வரித் துறை இணையதளத்தில் சட்டப்பூர்வ வாரிசாகப் பதிவு செய்துகொண்டு, அவருடைய பான் எண்ணில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். அவர் வரி பாக்கி வைத்திருந்தாலும், உங்களுக்கு வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் உங்கள் பொறுப்பு போகாது. அவர் மறைவுக்குப் பிறகு வந்த வாடகை வாரிசுகளின் வருமானம். இதற்காக மட்டும் ஆடிட்டரைத் தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது.

வீடு வேறு விஷயம். இறந்தவரின் சொத்துக்கு விதிக்கப்பட்ட எஸ்டேட் டியூட்டி 1985-இலேயே நீக்கப்பட்டுவிட்டதால் வாரிசாகச் சொத்து வருவதற்கு வரி இல்லை. விற்கும்போதுதான், கிடைக்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி வருகிறது. அப்பா வாங்கிய விலையே உங்கள் விலையாகக் கொள்ளப்படும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல், அன்றைய சந்தை மதிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பு 12 லட்சம் என்றும், 2025-26-இல் வீடு 80 லட்சத்துக்கு விலைபோகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 68 லட்சம் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம் என்றால் மொத்த வரி 8,50,000 ரூபாய், ஆளுக்கு 4,25,000. பணவீக்கக் குறியீட்டின்படி 12 லட்சத்தை 45,12,000 ஆக உயர்த்திவிட்டு 20 சதவீதம் கட்டும் வழியில், ஒருவர் பங்கு 3,48,800 ஆகக் குறைகிறது. இரண்டுமே செஸ் எனும் கூடுதல் தீர்வை நீங்கலாக. ஆனால், 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு, நிலத்துக்குத் தரப்பட்ட இந்த இரண்டாம் வழி இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டுமே உரியது. ஒரே வீடு, சரிபாதிப் பங்கு, ஆனால் உங்களுக்கு ஒரு வரி, தம்பிக்கு ஒரு வரி. வாரிசாக வந்த சொத்துக்குக் குறியீட்டை எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது என்பதிலும் சட்டத்தின் வாசகம் ஒரு பக்கமும் நீதிமன்றத் தீர்ப்புகள் ஒரு பக்கமும் இழுக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

இன்னொரு சிக்கல் டி.டி.எஸ். உங்கள் பங்குக்கு வாங்குபவர் பிடிக்க வேண்டியது 1 சதவீதம். தம்பி வெளிநாடுவாழ் இந்தியர் என்பதால் அவர் பங்குக்கு அந்தச் சலுகை இல்லை. வரித் துறையிடம் குறைந்த பிடித்தத்துக்கான சான்றிதழ் வாங்காவிட்டால், நடைமுறையில் 40 லட்சத்துக்கும் சேர்த்து 12.5 சதவீதம், அதாவது 5 லட்சம் பிடிப்பார்கள். கூடுதலாகப் போனது ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் திரும்பி வரும். அந்தச் சான்றிதழைப் பணம் கைமாறும் முன்பே வாங்கியிருக்க வேண்டும் என்பதுதான், தம்பியின் யோசனையை நான் மறுப்பதற்கு முதன்மையான காரணம். விற்ற பணத்தை அவர் சிங்கப்பூருக்கு அனுப்பும்போதும் ஆடிட்டரின் சான்று கேட்கப்படலாம். மூலப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், தம்பியின் பாஸ்போர்ட் நகல் ஆகியவற்றோடு போங்கள். 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்ட புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுவதால், எண்களை இங்கே தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டு துபாய் வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊர் திரும்புகிறேன். அங்குள்ள வங்கிக் கணக்கை உடனே மூடிவிட வேண்டுமா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: அவசரப்பட வேண்டாம். முந்தைய 10 நிதியாண்டுகளில் 9-இல் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தவர் ஊர் திரும்பியதும், சாதாரணமாக வசிக்காதவர் என்ற இடைநிலைத் தகுதியைப் பெறுகிறார். அது நீடிக்கும்வரை அங்கே கிடைக்கும் வட்டிக்கு இங்கே வரி இல்லை. அது முடிந்த பிறகு உலகில் எங்கிருந்து வரும் வருமானமும் இங்கே வரிக்குரியது; வெளிநாட்டுக் கணக்குகளையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும், காட்டத் தவறினால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு. இந்தத் தகுதி எந்த ஆண்டில் தொடங்கி எதில் முடிகிறது என்பது நீங்கள் வந்திறங்கும் தேதியைப் பொறுத்தது. ஒரு நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்தால் இங்கு வசிப்பவர் என்ற கணக்கை எல்லோரும் அறிவார்கள்; 60 நாளையும் முந்தைய 4 ஆண்டுகளின் 365 நாளையும் சேர்த்துப் பார்க்கும் இன்னொரு கணக்கைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன், பாஸ்போர்ட்டில் உள்ள வருகை, புறப்பாட்டுத் தேதிகளை ஆண்டுவாரியாக எழுதி ஒரு ஆடிட்டரிடம் காட்டுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான, இங்குள்ள என்.ஆர்.இ. வங்கிக் கணக்கை மாற்றுவதற்கு மட்டும் அவருக்காகக் காத்திருக்காமல், நிரந்தரமாகத் திரும்பியதும் வங்கிக்குத் தெரிவித்துவிடுங்கள்.