புராஜெக்ட் குழு மாணவரின் தொல்லை: புகார் கொடுக்கும் முன்

மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில்தான் புகார் கொடுக்கத் தயங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். குழு மாணவர் இரவெல்லாம் வாட்ஸ்அப் அனுப்புவதும் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காத்து நிற்பதும் சாதாரண விஷயமல்ல. தவறு உங்கள் மேல் துளியும் இல்லை.

அவரை பிளாக் செய்யும் முன் ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஸ்கிரீன்ஷாட்டில் தேதி, நேரம், அவருடைய தொலைபேசி எண் மூன்றும் தெரிய வேண்டும். நீங்கள் சேமித்த பெயர் மட்டும் தெரிந்தால், அது அவர்தானா என்று கேள்வி எழும். உரையாடலை முழுதாகக் கோப்பாக எடுக்கும் 'எக்ஸ்போர்ட் சாட்' செய்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் 'மறையும் செய்திகள்' அமைப்பு ஆன் ஆகியிருந்தால் அவை 24 மணி நேரத்திலேயே அழிந்துவிடலாம், முதலில் அதைப் பாருங்கள். காத்து நின்ற நாள், நேரம், எந்த வாசல் என்பதையும் உடனே குறித்து வையுங்கள். கேமராப் பதிவுகள் நெடுநாள் இருக்காது, புதியவை பழையவற்றின் மேல் பதிவாகிவிடும்.

புகாரை வாய்மொழியாக விடாமல் மின்னஞ்சலில் கொடுங்கள். "நடவடிக்கை எடுங்கள்" என்று மட்டும் எழுதினால் பதில் இழுபடும். வேறு குழு, உங்கள் பங்குக்குத் தனி மதிப்பீடு, அவர் உங்களைத் தொடர்புகொள்ளக் கூடாது என்ற எழுத்துபூர்வ உத்தரவு எனத் தெளிவாகக் கேளுங்கள். விரிவுரையாளரிடம் மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள், மாணவர் நலப் பிரிவுக்கும் நகல் போகட்டும்.

கல்லூரி முடிவுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சிங்கப்பூரின் 2014ஆம் ஆண்டு துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பின்தொடர்வதே குற்றம். அவர் உங்களைத் தொல்லை செய்யக் கூடாது என்று தடுக்கும் பாதுகாப்பு ஆணையை நீதிமன்றத்தில் கேட்கலாம். அவசரமென்றால், அதுவரைக்கும் தற்காலிகமாகக் கிடைக்கும் விரைவு ஆணையும் உண்டு. இன்றிரவே அவர் எதிரில் வந்து நின்றால், காவல்துறைக்கு 999.