தேரி மணலும் பனையும் ஒரே சாம்பலாகும்போது

அன்புள்ள சார்,

வணக்கம். நான் திருச்செந்தூர் பக்கம். உங்கள் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்து, போன மாதம் குதிரைமொழித் தேரி என்ற செம்மணல் மேட்டுக்குப் போய்க் கொஞ்சம் எடுத்தேன். வண்ணத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. சிவப்பு மணல், பச்சைப் பனை, மேலே நீல வானம். ஆனால் நிறச் செறிவை, அதாவது சேச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இறக்கியதும் படம் செத்துப்போகிறது. மணல் எது, மரம் எது என்றே தெரியவில்லை. கான்ட்ராஸ்ட்டை ஏற்றினால் கரடுமுரடாக ஆனதுதான் மிச்சம். எங்கள் ஊரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், ஒவ்வொரு நிறமாக ஸ்லைடரைத் தள்ளுவதெல்லாம் போங்காட்டம், எப்படி வருகிறதோ அதுதான் உண்மையான கறுப்பு வெள்ளை என்கிறார். பேசாமல் கேமராவிலேயே மோனோக்ரோம் வைத்து எடுத்துவிடலாமா? இரண்டு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் வாசகன்,
திருச்செந்தூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டுடியோ அண்ணன் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘எப்படி வருகிறதோ அப்படி’ என்று ஒன்று கிடையாது. சேச்சுரேஷனை இறக்கும்போதும் செயலி உள்ளே ஒரு கணக்குப் போட்டுத்தான் சாம்பலைத் தருகிறது. பரவலாகப் புழங்கும் ஒரு கணக்கு இது: சிவப்பில் சுமார் 30 சதவீதம், பச்சையில் 59, நீலத்தில் 11 எடுத்துக் கூட்டு. நம் கண்ணுக்குப் பச்சை வெளிச்சமாகவும் நீலம் மங்கலாகவும் தெரிவதால் இந்த விகிதம். எல்லாச் செயலியும் இதையே போடுவதில்லை, அதனால்தான் ஒரே படம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது. யாரோ ஒரு பொறியாளர் டிவி சிக்னலுக்காக எடுத்த முடிவை ஏற்றுக்கொள்வது நேர்மை, தேரியில் நேரில் நின்றுவந்த நீங்கள் முடிவெடுத்தால் போங்காட்டமா?

இப்போது உங்கள் படத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை அளவு என்றால், தேரி மணலின் நிறம் சிவப்பு 176, பச்சை 84, நீலம் 50 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் பனையோலை 96, 120, 60. நான் உத்தேசமாகச் சொல்லும் எண்கள்தான், ஆனால் பெரிதாக விலகியிருக்காது. கூட்டினால் மணல் 108, ஓலை 106! அதாவது கண்ணுக்கு எதிரும் புதிருமாக இருந்த இரண்டு நிறங்கள் ஒரே சாம்பலில் போய் விழுகின்றன. கான்ட்ராஸ்ட் ஏன் உதவவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. 108-க்கும் 106-க்கும் நடுவில் இழுத்துப் பிரிக்க எதுவுமே இல்லை, நீங்கள் பிரித்ததெல்லாம் வானத்தையும் நிழலையும்தான்.

ஆனால் சிவப்பை மட்டும் எடுத்துப் பார்த்தால் மணல் 176, ஓலை 96. பச்சையை மட்டும் எடுத்தால் மணல் 84, ஓலை 120, தலைகீழ். ஒரே படத்துக்குள் இரண்டு வேறு தேரிகள் இருக்கின்றன. லைட்ரூம் என்ற படம் திருத்தும் செயலியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றியதும் வரும் எட்டு ஸ்லைடர்கள் இதற்காகத்தான். ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில் அவ்வளவு இல்லை, நிற ஃபில்டர்கள் மட்டும் உண்டு, தொடங்குவதற்கு அது போதும். ஒரு விஷயம், ஓலைக்குப் பச்சை ஸ்லைடரைத் தள்ளி ஒன்றும் நடக்கவில்லையே என்று பலர் குழம்புவார்கள். வெயிலில் இருக்கும் இலையில் பெரும்பகுதி மஞ்சள் கணக்கில்தான் சேரும், மஞ்சளை நகர்த்திப் பாருங்கள். அதேபோல தேரி மணல் சிவப்பு ஸ்லைடரை விட ஆரஞ்சுக்கு அதிகம் அசையும். மாற்றுவதற்கு முன் ஒயிட் பேலன்ஸை (படம் மொத்தமும் மஞ்சள் பக்கமா நீலப் பக்கமா என்பதை) கொஞ்சம் அங்குமிங்கும் நகர்த்தினாலும் சாம்பல்கள் இடம் மாறும், பலர் இதைச் செய்து பார்ப்பதே இல்லை.

போங்காட்ட விவகாரத்துக்கு வருகிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் பாறையை எடுத்தபோது முதலில் மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார், வானம் சாதாரணச் சாம்பலாகத்தான் வரும் என்று தோன்றியதும் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டி இன்னொரு கண்ணாடித் தகட்டில் எடுத்தார். அதில் வானம் கிட்டத்தட்ட கறுப்பு. அன்று யோசெமிட்டியில் வானம் கறுப்பாகவா இருந்தது? சிவப்பு ஃபில்டர் நீலத்தைத் தடுத்தது, அவ்வளவுதான். உங்கள் நீல ஸ்லைடரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது, என்ன, படம் எடுத்த பிறகு செய்கிறது. அதற்கும் முந்தைய 19ஆம் நூற்றாண்டுத் தகடுகள் பெரும்பாலும் நீலத்தை மட்டுமே உணரும். அவற்றில் வானம் வெளுத்துக் காணாமல் போகும், அதனால் 1850-களில் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் குஸ்தாவ் லெ கிரே கடற்காட்சிகளில் வானத்துக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டிருக்கிறார். உங்கள் தேரியை அந்தத் தகட்டில் எடுத்திருந்தால் மணல் கருகிப்போய் வந்திருக்கும். எது ‘உண்மையான’ தேரி என்று அண்ணனிடம் நீங்களே கேளுங்கள்.

சரி, எந்தப் பக்கம் தள்ளுவது? சிவப்பை முழுதாக ஏற்றினால் மணல் வெளுத்து, பனைகள் கறுத்து, பார்த்தவுடன் ‘ஆஹா’ என்று இருக்கும். எனக்கு அது பிடிக்காது. தேரி ஆற்றுமணல் மாதிரி ஆகிவிடுகிறது, அந்த இரும்புத் துரு படிந்த மண்ணின் கனம் போய்விடுகிறது. நானாக இருந்தால் மணலை நடுச்சாம்பலுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தி, ஓலையை வெளிச்சமாக்குவேன். மண் சூடாகத் தெரியும், மரம் அதிலிருந்து எழுந்து நிற்கும். இது என் ருசி, உங்களுடையது வேறாக இருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

நீலத்தில் மட்டும் கை கொஞ்சம் அடங்கியிருக்கட்டும். வானத்தைக் கறுப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். நீலத்தைக் கடுமையாக இறக்கினால் வானம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக நாய்ஸ் வரும், பட்டை பட்டையாக உடையும், ஓலை நுனிகளைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பனைக்கு அந்தக் கோடு பெரிய சத்துரு, எத்தனை நுனிகள்! கேமரா வழக்கமாகத் தரும் சுருக்கிய ஜேபெக் (JPEG) கோப்பில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அது வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைப் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த நுணுக்கத்திலும்தான் சேமிக்கிறது, நாமோ அந்த நிறத்தை வைத்துத்தான் சாம்பலைப் பிரிக்கிறோம். அதனால் சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுங்கள். வானம் இன்னும் இருட்ட வேண்டுமென்றால் மேலிருந்து கீழே படிப்படியாகக் குறையும் ஒரு கிரேடியன்ட் மாஸ்க் போட்டு வெளிச்சத்தை இறக்குங்கள்.

கேமராவிலேயே மோனோக்ரோம் வைக்கலாமா என்றால், வைக்கலாம், ராவில் எடுக்கும்வரை. அப்போது திரையில் சாம்பலாகத் தெரியும், கோப்பில் நிறம் பத்திரமாக இருக்கும். ஜேபெக்கில் மோனோ வைத்தால் நிறம் போனது போனதுதான், அப்புறம் எந்த ஸ்லைடரும் பிரயோஜனமில்லை. நிறமே உணராத சென்சாரோடு வரும் கேமராக்களும் இருக்கின்றன, லைக்கா 2012-இல் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆடம்ஸ் மாதிரி லென்ஸ் முன்னால் ஃபில்டர் மாட்ட வேண்டியதுதான். நம் பர்ஸுக்கு அதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம்.

இன்னொன்று, நிழல்களைப் பார்த்தால் நீங்கள் உச்சிவெயிலில் போயிருக்கிறீர்கள். காற்று மணலில் போட்ட வரிகள் அந்த வெளிச்சத்தில் தெரியாது, அதை எந்தச் செயலியாலும் வரவழைக்க முடியாது. காலை ஏழு மணிக்குள் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் எல்லாம் கொஞ்சம் மஞ்சளாகி நிற வித்தியாசம் குறையும், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் கிடைக்கும். கறுப்பு வெள்ளைக்கு அந்த வியாபாரம் லாபம்தான்.

நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் பக்கம் எடுத்தது. அத்தனை சிவப்புக்கு நடுவில் சுனையும் பச்சையும் இருப்பதுதான் அந்தப் படத்தில் இருக்கும் ஒரே சேதி. ஸ்லைடரை எப்படித் தள்ளினாலும் அது பார்ப்பவருக்குப் போய்ச் சேராது. அதை வண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். முதல் படத்தின் ரா கோப்பு இருந்தால் மெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், அது ஏற்கனவே பாதியைத் தின்றுவிட்டுத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறது.