ஷார்ட் வந்தால் சூட்டை ஏற்றாதீர்கள்: டிஎம்சி கேள்வி-பதில்

(டிஎம்சி: பாலியெஸ்டர் ரெசின், கண்ணாடி இழை, சுண்ணத் தூள் பிசைந்த வார்ப்பு மாவு; சூடான டையில் அழுத்தினால் கெட்டியாகிப் பார்ட் ஆகும். ஷார்ட்: டை நிரம்பாமல் குறையாக வரும் பார்ட்.)

கே: ஸ்விட்ச்கியர் உறையில் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்திலேயே விரிசல் விடுகிறது. கண்ணாடி இழையைக் கூட்டலாமா?

ப: கூட்டிப் பயனில்லை. ஓட்டைக்காக டையில் நிற்கும் கம்பியில் மோதி இரண்டாகப் பிரியும் மாவு, மறுபக்கம் போய்ச் சேர்கிறது. சேரும் இடத்தில் ரெசின் ஒட்டிக்கொள்ளும். இழைகள் குறுக்கே பாயாமல் அந்தக் கோட்டோடு சேர்ந்தே படுத்துவிடும். அங்கே பலம் பாதிக்கும் கீழே போவதுண்டு. வார்த்த பிறகு துளை போடுங்கள். முடியாதென்றால் சார்ஜை (டையில் வைக்கும் மாவை) நகர்த்தி வைத்து, அந்தக் கோட்டை இறுக்கம் விழாத பக்கம் தள்ளுங்கள்.

கே: பை ராத்திரி முழுக்கத் திறந்து கிடந்து மாவு இறுகிவிட்டது. கொஞ்சம் ஸ்டைரீன் (ரெசினை இளக்கி வைத்திருக்கும், ஆவியாகும் திரவம்) தெளித்துப் பிசையலாமா?

ப: கூடாது. தூக்கிப் போடுங்கள். பையைக் கட்டி வையுங்கள், கட்டி வையுங்கள் என்று எழுதி எனக்குத்தான் அலுத்துவிட்டது.

கே: நுனியில் ஷார்ட். 150 டிகிரியை 165 ஆக்கிப் பார்த்தோம், இன்னும் மோசம்.

ப: ஆகத்தான் செய்யும். நைலானும் பாலிபுரொப்பிலீனும் ஓட்டிப் பழகிய கை, ஷார்ட் என்றதும் ஹீட்டரைத்தான் தேடுகிறது. இது அந்த ஜாதி இல்லை. இளக்குகிற அதே சூடுதான் பாலியெஸ்டரைக் கெட்டியும் ஆக்குகிறது; நடுவில் கிடைப்பது சில நொடிகள். டையைத் தொடும் மெல்லிய அடுக்கு முதலில் இளகி வழுக்கும். நடுப்பகுதி குளிர்ந்த கட்டியாகவே அதன்மேல் நகரும். 165 வைத்தால் டை முழுதாக மூடும் முன்பே அந்த அடுக்கு ஜெல் ஆகி, உறைந்துவிடுகிறது. அப்புறம் எத்தனை டன் போட்டு என்ன? நுனியை உடைத்துப் பாருங்கள், வெளிறிப்போய் ஊசித்துளைகளோடு இருக்கும். ஸ்டைரீன் 145 டிகிரியில் கொதிப்பது. அழுத்தம் எட்டாத இடத்தில் அது சும்மா இருக்குமா?

முதலில் 145க்கு இறக்குங்கள். சார்ஜை எடை போடுங்கள், கண்ணளவு வேண்டாம். மாவை வைத்தவுடன் பிரஸ் இறங்கட்டும். சூடான டையில் அது கிடக்கும்போது பேச்சு வேண்டாம். அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோ அளவில் இருக்கட்டும். கேஜ் காட்டுவது எண்ணெய் அழுத்தம், பார்ட் மேல் விழுவது அல்ல. ராம் (பிரஸ் பிஸ்டன்) பரப்பையும் பார்ட் பரப்பையும் வைத்துக் கணக்குப் போடுங்கள். இதெல்லாம் சரி என்றால் மாவின் வயதைப் பாருங்கள். பையையும்.

கே: கம்ப்ரெஷனில் பாஸான பார்ட், அதே மாவை இன்ஜெக்‌ஷனில் போட்டால் உடைகிறதே?

ப: மாவைத் தள்ளும் ஸ்குருவும், மாவு டைக்குள் நுழையும் குறுகிய வாயான கேட்டும் இழையை நறுக்கிவிடுகின்றன. ஒரு துண்டை 600 டிகிரி உலையில் எரித்து, மிஞ்சும் சுண்ணத்தை அமிலத்தில் கரையுங்கள். தங்கும் இழையை ஸ்கேலில் அளந்தால் மாவில் இருந்த 6 மிமீ இழை என்னவாயிற்று என்று தெரியும். கேட்டைப் பெரிதாக்குங்கள், ஸ்குரு வேகத்தையும் பேக் பிரஷரையும் (ஸ்குருவுக்கு எதிரான அழுத்தம்) குறையுங்கள்.

கே: எங்கள் எஸ்எம்சி (இதே வகைக் கலவை, தாளாகச் சுருட்டி வருவது) சரியாக ஓடவில்லை. உடனே தீர்வு சொல்லவும்.

ப: டை சூடு, பிரஸ் டன், பார்ட் கனம், எதையும் எழுதவில்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது. சார்ஜ் டையின் பரப்பில் பாதியாவது மூடுகிறதா, ரோல் எந்தத் தேதியில் தயாரானது என்று பார்த்து மறுபடி எழுதுங்கள்.